45 மர வீடுகள், 20 பேர்கூட இல்லாத ஊர்: 'யுனெஸ்கோ அந்தஸ்தே வேண்டாம்' என்ற குரல் ஏன் எழுகிறது? ஸ்லோவாக்கியாவின் வில்கோலினெட்ஸ் கதை

காலையில் வீட்டு ஜன்னலைத் திறந்தால், எதிரே முன்பின் தெரியாத ஒருவர் செல்போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். தோட்டத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு இன்னொருவர் உள்ளேயே வந்துவிடுகிறார். வந்தவருக்கு அது மியூசியம். உள்ளே இருப்பவருக்கு அது வீடு.

ஐரோப்பாவின் நடுவில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வில்கோலினெட்ஸ் என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் இன்றைய பிரச்சினை இதுதான். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை 1993-ல் கிடைத்தது. ஊரே கொண்டாட வேண்டிய விஷயம். ஆனால் 30 ஆண்டுகள் கழித்து, "அந்தப் பட்டியலில் இருந்து எங்கள் ஊரை எடுத்துவிட்டால் நல்லது" என்று அங்கே வாழும் சிலரே பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது இந்த ஊரில்? பட்டியலில் சேர்ந்ததால் என்ன கிடைத்தது, என்ன போனது? நினைத்தால் பட்டியலில் இருந்து விலகிவிட முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு பார்வையில் வில்கோலினெட்ஸ்

• நாடு: ஸ்லோவாக்கியா
• பகுதி: நாட்டின் வடக்கே, லிப்தோவ் வட்டாரம்
• அருகில் உள்ள நகரம்: ருஷோம்பெரோக்
• உயரம்: கடல் மட்டத்தில் இருந்து 718 மீட்டர்
• முதல் எழுத்துப் பதிவு: 1376
• யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஆண்டு: 1993
• பாரம்பரியக் கட்டிடங்கள்: சுமார் 45
• நிரந்தரமாக வசிப்பவர்கள்: 20 பேருக்கும் குறைவு

எங்கே இருக்கிறது?

ஸ்லோவாக்கியா ஒரு சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 54 லட்சம். போலந்து, செக் குடியரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி, உக்ரைன் ஆகிய ஐந்து நாடுகளும் சுற்றி நிற்க, கடலே இல்லாத நாடு. கடல் இல்லாத குறையைத் தீர்க்க மலைகள் நிறையவே உண்டு. கார்பாத்தியன் மலைத்தொடர் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த மலைகளுக்கு நடுவே, வாக் ஆறும் ரெவூட்சா ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது ருஷோம்பெரோக் நகரம். காகித ஆலைக்குப் பேர்போன தொழில் நகரம். நகரத்தில் இருந்து சில கிலோமீட்டர் மலையேறினால் வில்கோலினெட்ஸ் வந்துவிடும். ஊருக்குப் பின்னால் 1,099 மீட்டர் உயரமுள்ள சிடோரோவோ குன்று நிற்கிறது. சுற்றிலும் வெல்கா ஃபாத்ரா மலைத்தொடரின் காடுகள்.

ஒரு முக்கியமான விஷயம்: ஊருக்கு வரும் சாலை ஊரோடு முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டி வேறு எங்கும் போகாது. இன்னொரு ஊருக்குப் போகிற வழியில் யாரும் இங்கே எட்டிப் பார்த்ததில்லை. இந்த ஊர் மாறாமல் தப்பியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

பெயருக்கு என்ன அர்த்தம்?

ஸ்லோவாக் மொழியில் 'வில்க்' என்றால் ஓநாய். அதில் இருந்துதான் ஊரின் பெயர் வந்திருக்கும் என்பது பரவலான கருத்து. சுற்றிலும் அடர்ந்த காடு இருப்பதால் நம்புவது ஒன்றும் கஷ்டமில்லை. கார்பாத்தியன் காடுகளில் ஓநாயும் பழுப்புக் கரடியும் இன்றைக்கும் நடமாடுகின்றன.

ஒரே ஊர், எத்தனை ஆட்சிகள்!

வில்கோலினெட்ஸ் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது 1376-ல். அப்போது ஸ்லோவாக்கியா என்று ஒரு நாடே கிடையாது. இந்தப் பகுதி ஹங்கேரி அரசின் கீழ் இருந்தது. மரம் வெட்டுவது, ஆடு மாடு மேய்ப்பது, சரிவில் கிடைத்த கொஞ்ச நிலத்தில் பயிர் செய்வது, தேனீ வளர்ப்பது. மக்களின் பிழைப்பு இவற்றைச் சுற்றித்தான் ஓடியது.

தனிக் கிராமமாக இருந்த ஊர், 1882-க்குப் பிறகு நிர்வாக ரீதியாக ருஷோம்பெரோக் நகரத்தின் ஒரு பகுதி ஆனது. இன்றும் அப்படித்தான். அதாவது, பார்க்க மலைக்கிராமம். அரசுக் கணக்கில் ஒரு தொழில் நகரத்தின் பகுதி.

முதல் உலகப் போர் முடிந்த 1918-ல் ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசு உடைந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. 1939-ல் அது சிதைந்து, நாஜி ஜெர்மனியின் பிடியில் ஒரு ஸ்லோவாக் அரசு அமைந்தது. போருக்குப் பின் மறுபடியும் செக்கோஸ்லோவாக்கியா. 1948 முதல் 1989 வரை கம்யூனிஸ்ட் ஆட்சி. 1993 ஜனவரி 1 அன்று நாடு அமைதியாக இரண்டாகப் பிரிந்து, ஸ்லோவாக்கியா தனி நாடானது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2009 முதல் யூரோ நாணயம்.

இங்கே ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த ஒரு குடும்பம், 20-ம் நூற்றாண்டில் மட்டும் நான்கைந்து ஆட்சிகளைப் பார்த்திருக்கும். கொடிகள் மாறின. வீடு மாறவில்லை.

போரில் என்ன நடந்தது?

1944 ஆகஸ்ட் 29 அன்று, நாஜி ஆதரவு ஆட்சிக்கு எதிராக 'ஸ்லோவாக் தேசிய எழுச்சி' தொடங்கியது. பான்ஸ்கா பிஸ்ட்ரிட்சா நகரம் அதன் மையம். எழுச்சியை அடக்க ஜெர்மன் படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. போராளிகள் மலைகளுக்குள் பின்வாங்கினார்கள். மலைக்கிராமங்கள் பல அதற்கு விலை கொடுத்தன.

வில்கோலினெட்ஸும் தப்பவில்லை. அந்தக் காலகட்டத்தில் ஊரின் ஒரு பகுதி தீக்கிரையானது. மர வீடுகள் நெருக்கமாக நிற்கும் ஊரில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று நாம் பார்க்கும் 45 கட்டிடங்கள், அந்தத் தீயைத் தாண்டி மிஞ்சிய ஊர்.

வீடுகளில் அப்படி என்ன சிறப்பு?

ஸ்லோவாக்கியாவில் மரவீட்டுக்கு 'ட்ரெவெனிட்சா' என்று பெயர். இந்த வகை வீடு மத்திய ஐரோப்பாவின் மலைப்பகுதிகளில் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது. இப்போது ஆங்காங்கே ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கிறது. ஆனால் ஒரு ஊர் முழுக்க, தெரு அமைப்போடு, தொழுவத்தோடு, கொட்டிலோடு அப்படியே இருப்பது இங்கேதான். இந்த வட்டாரத்தில் இந்த வகை வீடுகள் இவ்வளவு முழுமையாக வேறெங்கும் சேர்ந்து இல்லை என்பதுதான் யுனெஸ்கோ சொல்லும் காரணம்.

ஒரு வீட்டைக் கட்டும் விதத்தைப் பார்ப்போம்.

அடித்தளம் கல். மலைச்சரிவு என்பதால் முதலில் கல்லை அடுக்கி மட்டம் செய்துகொள்வார்கள். மரம் நேரடியாக ஈர மண்ணில் படாமல் இருக்கவும் அது உதவும்.

சுவர் மரத்தடிகள். தடிகளைப் படுக்கை வாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலைகளில் வெட்டிக் கோத்துவிடுவார்கள்.

இடைவெளிக்குப் பாசியும் களிமண்ணும். தடிகளுக்கு நடுவே காற்று நுழையாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதற்கு மேல் களிமண் பூசி, சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளை, வெளிர் நீலம் என்று வீட்டுக்கு வீடு நிறம் மாறும். வெளியே பனி கொட்டும்போது உள்ளே சூடு தங்க இந்தப் பூச்சு உதவும். பூச்சியும் எளிதில் மரத்தை அரிக்காது.

கூரையில் மெல்லிய மரத்துண்டுகள். ஓடு போலவே வரிசையாக அடுக்கியிருப்பார்கள். கூரையின் சரிவு செங்குத்தாக இருக்கும். பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டும் அல்லவா?

வீட்டுக்குள் இரண்டு அல்லது மூன்று அறைகள், அவ்வளவுதான். வாசலை ஒட்டிய நடை, அடுப்பு, குடும்பமே தூங்கி எழும் ஒரு பெரிய அறை, தானியமும் பொருளும் வைக்க ஒரு சேமிப்பறை. வீட்டின் குறுகலான பக்கம் தெருவைப் பார்த்திருக்கும். பின்பக்கம் நீண்ட, ஒடுங்கிய மனை. அதில் தொழுவம், வைக்கோல் கொட்டில், தோட்டம்.

இந்த வீடுகளை ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிட முடியாது. சுண்ணாம்பைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். மழையில் கரையும் களிமண்ணை ஒட்ட வேண்டும். கூரை மரத்துண்டுகளைச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்பு எரியாமல் பூட்டிக் கிடக்கும் மரவீட்டில் ஈரம் ஏறும். அதன் பிறகு மரம் உளுத்துப்போக அதிக நாள் ஆகாது. ஆக, இந்த வீட்டைக் காப்பாற்றுவதே அதில் ஆள் வாழ்வதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பகுதிக்கு இது தேவைப்படும்.

ஊரைச் சுற்றி வந்தால்...

மொத்த ஊரும் ஐந்து ஹெக்டேருக்குள், அதாவது சுமார் 12 ஏக்கருக்குள் அடங்கிவிடும். மெதுவாக நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும். பார்க்க வேண்டியவை இவை:

மணிக் கோபுரம்: 1770-ல் கட்டப்பட்டது. ஊரின் நடுவில் நிற்கும் இந்த மரக் கோபுரம்தான் வில்கோலினெட்ஸின் அடையாளம். கடிகாரமும் சைரனும் இல்லாத காலத்தில் பிரார்த்தனை நேரம், மரணம், தீ என்று எதுவானாலும் இதுபோன்ற கிராமங்களுக்கு மணிதான் செய்தி சொன்னது.

மரக் கிணறு: 1860-ம் ஆண்டைச் சேர்ந்தது. கூரை போட்ட சின்ன மரக்கூண்டுக்குள் கிணறு. பல தலைமுறைகள் தண்ணீர் எடுத்த இடம். மணிக் கோபுரமும் கிணறும் சேர்ந்து இருக்கும் இந்த இடத்தில்தான் தெரு இரண்டாகப் பிரிகிறது. தெருவின் நடுவே ஓடைத் தண்ணீர் மரத்தொட்டி வழியாக ஓடி வருவது கண்ணுக்கும் காதுக்கும் இதம்.

தேவாலயம்: அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வின் பெயரில் அமைந்த கத்தோலிக்க ஆலயம். 1875-ல் கட்டப்பட்டது. மர வீடுகளுக்கு நடுவே நிற்கும் கல் கட்டிடம்.

விவசாயி வீடு: லிப்தோவ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கும் வீடு. பழைய கட்டில், அடுப்பு, நெசவுச் சாமான்கள், விவசாயக் கருவிகள் எல்லாம் அவற்றுக்கு உரிய இடத்தில் இருக்கின்றன. மற்ற வீடுகளுக்குள் எட்டிப் பார்க்காமல், உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதுதான் வழி.

மரச் சிற்பங்கள்: ஊரின் நுழைவுப் பகுதிப் புல்வெளியில் கைவினைஞர்கள் செதுக்கிய பெரிய மரச்சிலைகள் நிற்கின்றன.

நடைப்பயணம்: தெம்பு இருந்தால் சிடோரோவோ பக்கம் மலையேறலாம். அருகில் உள்ள மலினோ பர்டோ பனிச்சறுக்கு மையத்துக்கு ஹ்ரபோவோ பள்ளத்தாக்கில் இருந்து ரோப் கார் ஓடுகிறது. அங்கிருந்து காட்டு வழியாக வில்கோலினெட்ஸுக்கு நடந்து வர முடியும்.

சாப்பாடு எப்படி?

லிப்தோவ் வட்டாரம் ஆட்டுப்பால் சீஸுக்குப் பேர்போனது. 'பிரின்ட்ஸா' என்ற மென்மையான, லேசான புளிப்பும் காரமும் கொண்ட செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டி இங்கே பிரபலம். 'ஸ்லோவாக் பிரின்ட்ஸா' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் இருக்கிறது.

உருளைக்கிழங்கைத் துருவி மாவோடு பிசைந்து, சின்னச் சின்ன உருண்டைகளாகக் கொதிநீரில் வேகவைத்து, மேலே பிரின்ட்ஸாவையும் வறுத்த பன்றிக் கொழுப்புத் துண்டுகளையும் போட்டால் அது 'பிரின்ட்ஸோவே ஹலுஷ்கி'. ஸ்லோவாக்கியாவின் தேசிய உணவு என்றே சொல்லலாம். சைவம் சாப்பிடுபவர்கள் கொழுப்பு இல்லாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே 'ஷின்சிட்சா' என்ற ஆட்டுப்பால் மோர் போன்ற பானமும் கிடைக்கும்.

யுனெஸ்கோ எப்படி வந்தது?

பாதுகாப்பு என்பது யுனெஸ்கோவுக்கு முன்பே தொடங்கிவிட்டது. செக்கோஸ்லோவாக்கியா காலத்திலேயே, 1977-ல் இந்த ஊர் நாட்டுப்புறக் கட்டிடக்கலைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெள்ளைக் கோலங்கள் வரைந்த கறுப்பு மர வீடுகளுக்குப் புகழ்பெற்ற சிச்மனி கிராமத்துக்கும் அதே ஆண்டில்தான் அந்த அந்தஸ்து கிடைத்தது.

1993 டிசம்பரில் கொலம்பியாவின் கார்ட்டஹேனா நகரில் நடந்த உலகப் பாரம்பரியக் குழுக் கூட்டத்தில் ஸ்லோவாக்கியாவின் மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் பட்டியலுக்குள் வந்தன. ஒன்று, வெள்ளிச் சுரங்க நகரமான பான்ஸ்கா ஷ்டியாவ்னிட்சா. இன்னொன்று, பிரம்மாண்டமான ஸ்பிஷ் கோட்டை. மூன்றாவது, வில்கோலினெட்ஸ்.

யோசித்துப் பாருங்கள். நாடு பிறந்து ஒரு வருடம்கூட முடியவில்லை. தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்த அந்தப் புதிய நாடு காட்டிய மூன்று முகங்களில், சுரங்கச் செல்வமும் கோட்டை கொத்தளமும் மட்டும் இல்லை. ஏழைக் குடியானவர்களின் மர வீடுகளும் இருந்தன. வில்கோலினெட்ஸின் பெருமையே அதுதான். அரசனோ பிரபுவோ கட்டிய இடம் அல்ல இது. மரம் வெட்டியவனும் ஆடு மேய்த்தவனும் கட்டியது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது. இந்த வீடுகள் மிஞ்சியதற்குக் காரணம் யாரோ திட்டமிட்டுக் காப்பாற்றியது மட்டுமல்ல. செங்குத்தான நிலம், குறைந்த வருமானம், ஊரோடு முடியும் சாலை. சமவெளியில் இருந்த கிராமங்கள் பழைய வீட்டை இடித்துச் செங்கல் வீடு கட்டின. இங்கே பலர் வீட்டை இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக, வேலை தேடிக் கீழே இருந்த நகரத்துக்கே போய்விட்டார்கள். வறுமை காப்பாற்றிய அழகு என்றுகூடச் சொல்லலாம்.

அப்போ பிரச்சினை என்ன?

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் இது. இன்று நிரந்தரமாக இருப்பவர்கள் 20 பேருக்கும் குறைவு. பல வீடுகள் வார விடுமுறைக்கு மட்டும் வரும் உரிமையாளர்களிடம் இருக்கின்றன.

இன்னொரு பக்கம், ஆண்டுக்கு சுமார் ஒரு லட்சம் சுற்றுலாப் பயணிகள் வருவதாகச் செய்தி நிறுவனங்கள் சொல்கின்றன. கணக்குப் போட்டால், ஊரில் வாழும் ஒருவருக்கு 5,000 விருந்தாளிகள்! அதிலும் பெரும்பாலானோர் வருவது கோடை மாதங்களில். ஒற்றைத் தெரு கொண்ட ஊரில் இது என்ன நெருக்கடியைக் கொடுக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம்.

குடியிருப்பவர்கள் சொல்லும் குறைகளை இப்படித் தொகுக்கலாம்:

முதலாவது, தனிமை. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, கேட்காமல் படம் எடுப்பது, தோட்டத்துக்குள் நுழைவது. ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடமாக இருப்பதால், எல்லா வீடும் காட்சிப்பொருள் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, கட்டுப்பாடு. பாதுகாக்கப்பட்ட கட்டிடம் என்பதால் நினைத்தபடி எதையும் மாற்ற முடியாது. கூரைக்கு என்ன பொருள், ஜன்னல் எப்படி, சுவருக்கு என்ன பூச்சு என்று எல்லாவற்றுக்கும் விதி. பழைய முறையில் பழுது பார்க்கச் செலவும் அதிகம். அந்த வேலை தெரிந்த ஆளும் குறைவு.

மூன்றாவதுதான் முக்கியம்: வாழ்க்கை முறை. ஊரின் அழகுக்குக் காரணமே ஆடு, மாடு, வயல், வைக்கோல் என்று இயங்கிய வாழ்க்கை. பள்ளிக்கூடம் இயங்குவதில்லை. வேலை, கடை, மருத்துவம் எல்லாவற்றுக்கும் கீழே நகரத்துக்குத்தான் போக வேண்டும். தெரு முழுக்கப் பயணிகள் நிற்கும் ஊரில் மாடு வளர்ப்பதும் எளிதில்லை. இளைய தலைமுறை எப்படி இங்கே குடும்பம் நடத்தும்?

மறுபக்க நியாயம் என்ன?

இதைக் கேட்டதும் "யுனெஸ்கோதான் வில்லன்" என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

ஊர் காலியாக ஆரம்பித்தது யுனெஸ்கோ வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே. அந்தஸ்து கிடைக்காமல் போயிருந்தால், வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்தோ, நவீன விடுமுறை பங்களாக்களாக மாறியோ போயிருக்கும். நுழைவுக் கட்டணம் ஊரின் பராமரிப்புக்கு ஒரு வருமானம். பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்க ஸ்லோவாக்கியாவின் கலாசார அமைச்சகம் 'நம் வீட்டைப் புதுப்பிப்போம்' என்ற பெயரில் நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிறது. கார்களை ஊருக்குக் கீழேயே நிறுத்த வைப்பது போன்ற ஏற்பாடுகளும் உண்டு.

ஆக, பட்டியல் வீடுகளைக் காப்பாற்றியது உண்மை. வீடுகளுக்குள் இருந்த வாழ்க்கையைக் காப்பாற்ற அதற்கு வழி தெரியவில்லை என்பதும் உண்மை.

இதே லிப்தோவ் வட்டாரத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1970-களில் லிப்தோவ்ஸ்கா மாரா என்ற பெரிய அணை கட்டப்பட்டபோது பல கிராமங்கள் நீரில் மூழ்கின. அங்கிருந்த பழைய கட்டிடங்கள் சிலவற்றின் கதை ப்ரிபிலினா என்ற இடத்தில் திறந்தவெளி அருங்காட்சியகமாகத் தொடர்கிறது. அங்கே வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது. குடியிருப்பவர் மட்டும் இல்லை. அது அருங்காட்சியகம் என்பதால் அதில் தவறும் இல்லை.

வில்கோலினெட்ஸின் பயமே, தானும் அப்படி ஆகிவிடுவோமோ என்பதுதான்.

பட்டியலில் இருந்து விலக முடியுமா?

ஊர் மக்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் முடியாது. உலகப் பாரம்பரிய ஒப்பந்தம் 1972-ல் உருவானது. அதில் கையெழுத்திட்டிருப்பது நாடுகள்தான். எந்த இடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று முடிவெடுப்பது 21 நாடுகள் கொண்ட உலகப் பாரம்பரியக் குழு.

பட்டியலில் இன்று 1,200-க்கும் அதிகமான இடங்கள் இருக்கின்றன. இதுவரை முழுமையாக நீக்கப்பட்டவை மூன்றே மூன்று:

• 2007: ஓமன் நாட்டின் அரேபிய ஓரிக்ஸ் மான் சரணாலயம். சரணாலயத்தின் பரப்பை அரசு 90 சதவீதம் குறைத்ததால் நீக்கம்.
• 2009: ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு. ஆற்றின் குறுக்கே நான்கு வழிப் பாலம் கட்டியதால் நீக்கம்.
• 2021: இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகப் பகுதி. புதிய கட்டுமானங்கள் பழைய தோற்றத்தைக் கெடுத்ததால் நீக்கம்.

மூன்றிலும் காரணம் ஒன்றுதான்: எதற்காக அந்தஸ்து கொடுத்தார்களோ அதுவே சேதமானது. "கூட்டம் தாங்க முடியவில்லை" என்று உள்ளூர் மக்கள் கேட்டு எந்த இடமும் நீக்கப்படவில்லை. வில்கோலினெட்ஸின் வீடுகளோ நல்ல நிலையில் இருக்கின்றன. அதனால் நீக்கம் என்பது இப்போதைக்கு நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை. ஒருவேளை நீக்கினாலும், நாட்டின் சொந்தப் பாதுகாப்புச் சட்டங்கள் அப்படியே இருக்கும். வந்து பழகிய சுற்றுலாவும் ஒரே நாளில் நின்றுவிடாது.

மற்ற ஊர்கள் என்ன செய்கின்றன?

இந்தத் தலைவலி வில்கோலினெட்ஸுக்கு மட்டுமல்ல. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட், சில நூறு பேர் மட்டுமே வாழும் ஏரிக்கரை ஊர். அங்கே செல்ஃபி கூட்டத்தின் சத்தம் தாங்காமல் 2023-ல் காட்சியை மறைத்து மரத்தடுப்பு வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலில் இருந்து, குறிப்பிட்ட நாட்களில் பகல் நேரப் பயணிகளிடம் 5 யூரோ கட்டணம் வாங்க ஆரம்பித்தது.

ஆனால் வெனிஸில் ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். ஹால்ஸ்டாட்டில் நூற்றுக்கணக்கானோர். அவர்களால் கூடிப் பேசி, தெருவில் இறங்கிப் போராட முடியும். 20 பேர் கூட இல்லாத ஊரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

போக நினைப்பவர்களுக்கு...

எப்படிப் போவது? தலைநகர் பிராட்டிஸ்லாவாவையும் கிழக்கே உள்ள கோஷிட்சேவையும் இணைக்கும் முக்கிய ரயில் பாதையில்தான் ருஷோம்பெரோக் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து டாக்சி பிடிக்கலாம் அல்லது பியேலி போடோக் பகுதியில் இருந்து மலைப்பாதையில் நடக்கலாம். காரில் போனால் ஊருக்குக் கீழே நிறுத்திவிட்டு மேலே நடக்க வேண்டும்.

எப்போது போவது? மே முதல் செப்டம்பர் வரை பச்சைப் பசேல் என்று இருக்கும், கூட்டமும் அப்போதுதான். குளிர்காலத்தில் பனி போர்த்திய ஊரைப் பார்க்கலாம். வழுக்காத காலணி கட்டாயம்.

விசா? ஸ்லோவாக்கியா ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை.

அருகில் வேறு என்ன? லிகாவா கோட்டை இடிபாடுகள், டெமெனோவ்ஸ்கா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குகைகளும் பனிக் குகையும், யாஸ்னா பனிச்சறுக்கு மையம், லிப்தோவ்ஸ்கா மாரா ஏரி, ப்ரிபிலினா திறந்தவெளி அருங்காட்சியகம்.

ஊருக்குள் எப்படி நடந்துகொள்வது?

• திறந்திருக்கும் கதவு எல்லாம் உங்களுக்காகத் திறந்தது அல்ல. அருங்காட்சியக வீட்டுக்குள் மட்டும் போங்கள்.
• ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.
• ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால், அனுமதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.
• மர வீடுகள் நிறைந்த ஊர் இது. நெருப்பு விஷயத்தில் ரொம்ப கவனம் தேவை.
• கைவினைப் பொருளோ சீஸோ, அங்கேயே விற்பவர்களிடம் வாங்குங்கள். ஊருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் காசு அதுதான்.

கடைசியாக...

மரவீட்டைக் காப்பாற்ற அதில் ஆள் வாழ வேண்டும் என்று மேலே பார்த்தோம் இல்லையா? ஊருக்கும் அதே கணக்குதான். கூரையை மாற்ற நிதி ஒதுக்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வைக்கலாம். மாலையில் பயணிகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு, அடுப்பை மூட்டி விளக்கைப் போட ஒரு குடும்பம் வேண்டும். அதை எந்தப் பட்டியலாலும் கொண்டுவர முடியாது.

1376-ல் இருந்து ஆட்சி மாற்றங்களையும் உலகப் போரின் தீயையும் தாண்டி வந்த ஊர் வில்கோலினெட்ஸ். ஒரு லட்சம் ரசிகர்களின் அன்பையும் அது தாண்டி வருமா என்பதைத்தான் இனி பார்க்க வேண்டும்.